ஆகாசப் புறம்போக்கு: வீட்டு ரவுட்டரின் கதை

ரவுட்டருக்கெல்லாம் ஒரு வரலாறான்னு சிரிக்காதீங்க மக்களே. நம்ம வீட்டு அலமாரி மேல லைட்டைச் சிமிட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னாடி 1933-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் இருக்கு, ஹவாய் தீவு இருக்கு, ஒரு கல்லாப்பெட்டி கம்பெனி இருக்கு, 2005-ம் வருஷத்துப் பொங்கல் இருக்கு. எல்லாத்தையும் ஒரே பதிவில் சொல்லிடலாம்னு ஒரு முயற்சி. கொஞ்சம் நீளம்தான். காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன் சொந்தக்காரங்க மத்தியில் மாட்டினால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். பிரிண்டர் ஓடலைன்னாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. அதுல அடிக்கடி வர்ற கேள்வி: "புதுசா வேகமான ரவுட்டர் வாங்கிப் போட்டா நெட்டு வேகமாகுமா?" இதுக்கு 2005-ல் ஒரு பதில், இன்னைக்கு வேற பதில். ஏன் மாறுச்சுங்கறதுதான் இந்தக் கதை.

லைசென்ஸ் காலம்

இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் 1933-ல் வந்தது. சுருக்கமா சொன்னா, லைசென்ஸ் இல்லாம எவனும் கம்பியில்லாக் கருவி எதையும் வெச்சிருக்கக் கூடாது. ஒலிபரப்பறது மட்டுமில்லீங்க, வீட்ல ரேடியோப் பெட்டி வெச்சுப் பாட்டுக் கேட்கறதுக்கும் லைசென்ஸ். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி முத்திரை வாங்கணும். எங்க அப்பாரு காலத்து இரும்புப் பெட்டியில் அந்தச் சின்ன லைசென்ஸ் புஸ்தகம் ஒண்ணு இன்னும் கிடக்கு. எண்பதுகளின் நடுவில்தான் அந்தக் கட்டணத்தை ஒழிச்சாங்க.

நம்ம கோயமுத்தூருக்கு இதுல ஒரு பங்கு உண்டு. ஜி.டி. நாயுடு 1941-லேயே அஞ்சு வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிச்சுத் தர முடியும்னு அறிவிச்சவர். பெட்டியை மலிவாக்கறது எங்க ஊருக்குக் கஷ்டமான வேலையே இல்லை. ஆனா பெட்டி மலிவானாலும் காத்து அரசாங்கத்தோடது. அந்த அலைவரிசையில் கை வைக்கணும்னா அனுமதிச் சீட்டு வேணும். இதைய மனசுல வெச்சுக்குங்க. கடைசியில் மறுபடியும் இங்கதான் வரப் போறோம்.

ஹவாயும் கல்லாப்பெட்டியும்

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியர் ஒரு விஷயம் பண்ணினார். தீவு தீவாப் பிரிஞ்சு கிடக்கிற கல்லூரிகளை ஒரே கம்ப்யூட்டரோட இணைக்கணும். கடலுக்கடியில் கம்பி போடறதுக்குப் பதிலா ரேடியோவில் இணைச்சார். பேரு அலோஹாநெட். வேகம் நொடிக்கு 9600 பிட்.

அதுல இருந்த யோசனை ரொம்ப எளிமை. யாருக்கு எப்ப பேசணும்னு தோணுதோ அப்பப் பேசலாம். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கிட்டா, கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசணும். அவ்வளவுதான். இப்படி ஆளாளுக்குப் பேசினால், மொத்தக் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாப் போய்ச் சேரும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. மீதியெல்லாம் மோதலும் காலி நேரமும்தான்.

அடுத்த கட்டம் அமெரிக்கா. 1985-ல் அங்கே தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாம யார் வேணும்னாலும் உபயோகிக்கலாம்னு திறந்து விட்டது. மைக்கேல் மார்கஸ்னு ஒரு இன்ஜினியர் உள்ளே இருந்து போராடி வாங்கினது அது. எதைத் திறந்தாங்கன்னு பாருங்க: மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான சாதனங்கள் இரைச்சல் போட்டுக்கிட்டு இருந்த, வேற யாருமே விரும்பாத அலைவரிசைகள். அதுல ஒண்ணுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ்.

நம்ம பாஷையில் சொல்றதுன்னா புறம்போக்கு நிலம். பட்டா கிடையாது, யார் மாட்டை வேணும்னாலும் ஓட்டிட்டுப் போய் மேய்க்கலாம். பக்கத்து மாடு முட்டுச்சுன்னு புகார் கொடுக்க முடியாது.

அந்தப் புறம்போக்கில் முதல்ல மாடு ஓட்டினவங்கள்ல முக்கியமானவங்க யாரு தெரியுங்களா? என்.சி.ஆர். கம்பெனி. கடைகளுக்கு கல்லாப்பெட்டி மெஷின் செய்யறவங்க. ஒவ்வொரு தடவை கடையை மாத்தி அமைக்கும்போதும் கல்லாவுக்கு ஒயர் இழுக்கறது பெரிய செலவு. ஒயரே இல்லாம பண்ணினா என்னன்னு அவங்களோட நெதர்லாந்து ஆய்வுக்கூடத்தில் வேலை ஆரம்பிச்சது. அங்கே இருந்த விக் ஹேய்ஸ்தான் பிறகு உலகத் தரநிலைக் குழுவுக்குத் தலைவரா இருந்து, 1997-ல் 802.11 என்ற தரநிலையைக் கொண்டு வந்தார். வேகம் 2 எம்பிபிஎஸ். 1999-ல் 802.11பி வந்தப்ப 11 எம்பிபிஎஸ். அதே வருஷம்தான் "வைஃபை"ன்னு பேர் வெச்சாங்க. அந்தப் பேருக்கு விரிவாக்கம்னு ஒண்ணும் கிடையாது, ஒரு விளம்பரப் பேருதான். 2003-ல் 802.11ஜி, 54 எம்பிபிஎஸ்.

ஒரே மாசத்தில் ரெண்டு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுத்தது. சென்னை மாதிரி பெருநகரங்களில்தான் முதல்ல. டயல் அப், 9.6 கேபிபிஎஸ்ல ஆரம்பம். அப்புறம் 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவிச்சது. அதுல பிராட்பேண்டுக்குக் கொடுத்த இலக்கணம் என்ன தெரியுங்களா? 256 கேபிபிஎஸ். இன்னைக்கு ஒரு வாட்ஸப் வீடியோ கால் கூட அதுல ஒழுங்கா நிக்காது.

2005 ஜனவரி 14, தைப்பொங்கல் அன்னைக்கு பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் ஆரம்பமாச்சு. அதே ஜனவரி மாசக் கடைசியில், தொலைத்தொடர்புத் துறை இன்னொரு அறிவிக்கை வெளியிட்டது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பேப்பர்ல முதல் செய்திதான் பெருசா வந்திருக்கும். ஆனா 1933-லிருந்து கட்டி வெச்சிருந்த வேலியில் ஒரு திட்டிவாசல் திறந்தது ரெண்டாவது செய்தியில்தான். பாட்டுக் கேட்கவே லைசென்ஸ் கேட்ட நாட்டில், வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம் வெச்சுக்க, யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்லைன்னு ஆச்சு.

அப்ப நான் மூணாங்கிளாஸ். பெரியப்பா வீட்ல லைன் எடுத்தாங்க. போன் ஒயர்ல ஒரு ஸ்ப்ளிட்டர், அதுலேருந்து மோடம், மோடத்துல ஏடிஎஸ்எல் லைட் சிமிட்டறது நின்னு திடமா எரிஞ்சா எல்லாருக்கும் சந்தோஷம். இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்த அண்ணன் வெள்ளைத்தாளில் ஒரு கணக்கு எழுதி சுவத்தில் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கு. சில பிளான்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் இறக்கறது கணக்கில் வராது. 256 கேபிபிஎஸ்னா நொடிக்கு 32 கிலோபைட். ஆறு மணி நேரத்துக்கு 675 எம்பி. ஒரு சிடி 700 எம்பி. ஆக, ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி பத்தாது, கடைசித் துண்டு அடுத்த நாள் ராத்திரிதான் :-) 2007 ஜனவரியில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரைக்கும் ஏத்தினாங்க. அதே படம் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் இறங்க ஆரம்பிச்சது. அதான் முதல் புரட்சி.

இப்ப அந்த 2005 கேள்வியைக் கேட்டுப் பாருங்க. வேகமான ரவுட்டர் போட்டா நெட்டு வேகமாகுமா? லைன் 256 கேபிபிஎஸ். ரவுட்டர் அட்டைப்பெட்டியில் 54 எம்பிபிஎஸ். லைனை விட ரவுட்டர் 210 மடங்கு வேகம்! நடைமுறையில் 20 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும்னு வெச்சுக்கிட்டாலும் 80 மடங்கு. அந்தக் காலத்தில் ரவுட்டரை மாத்தறது, சொட்டு நீர் வர்ற குழாய்க்கு அடியில் அண்டாவை எடுத்துட்டு டிரம்மு வைக்கற மாதிரி. ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்னைக்குச் சரியான பதில்: "வேண்டாமுங்க."

திறந்து கிடந்த கதவு

வேகத்துக்காக மாத்த வேண்டியதில்லை, சரி. ஆனா பாதுகாப்புக்காக மாத்த வேண்டியிருந்தது. ஆரம்ப கால ரவுட்டர்களில் இருந்த வெப் என்ற பூட்டை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைச்சுக் காட்டிட்டாங்க. 2003-ல் டபிள்யூபிஏ, 2004-ல் டபிள்யூபிஏ2 வந்தாச்சு. ஆனா நம்ம வீடுகளில் பூட்டே போடாமல்தான் பல ரவுட்டர்கள் ஓடிச்சு.

2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி பத்திரிகை, டிவிக்கெல்லாம் ஒரு மிரட்டல் மெயில் போச்சு. அது எங்கிருந்து போச்சுன்னு தேடிட்டுப் போனா, நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை. யாரோ அதுக்குள்ள புகுந்து அனுப்பியிருந்தாங்க. போலீஸ் வந்து நின்னது அந்த வீட்டு வாசல்ல. அடுத்த வருஷம், 2009-ல், வைஃபை இணைப்பையெல்லாம் பூட்டி வைக்கச் செய்யணும்னு தொலைத்தொடர்புத் துறை இணைப்பு கொடுக்கிற கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபை சாதாரணமா இருந்த காலம் அதோட மெதுவா முடிஞ்சுது. ரவுட்டர் மாத்தறதுக்கு "பழைய பூட்டு"ங்கறது அன்னைக்கும் நல்ல காரணம், இன்னைக்கும் நல்ல காரணம். கம்பெனி சாஃப்ட்வேர் அப்டேட்டை நிறுத்திட்ட பெட்டி எவ்வளவு வேகமா இருந்தாலும் வாசல்ல வைக்கத் தகுதியில்லாத பெட்டிதான்.

புறம்போக்கில் கூட்டம்

2010-ல் கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்துச்சு. கூடவே தமிழ் இணைய மாநாடும். அதே வருஷம் பீளமேட்டுப் பக்கம் டைடல் பார்க்கும் திறந்தாச்சு. லேப்டாப்பைத் தோள்ல மாட்டிட்டு வீட்டுக்கு வர்ற ஆளுக அதிகமானாங்க. அப்புறம் ஸ்மார்ட்போன். அப்புறம் டிவி. ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்ங்கறது போய், ஒரு வீட்டுக்கு எட்டு பத்து கருவின்னு ஆயிடுச்சு.

2.4 கிகாஹெர்ட்ஸ் புறம்போக்கு மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதுல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல் மூணே மூணு: 1, 6, 11. ஒரு அபார்ட்மெண்ட்ல இருபது ரவுட்டர் இருந்தா, இருபதும் இந்த மூணு தடத்துக்குள்ளதான் நெரிச்சுக்கணும்.

இங்க வைஃபை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நல்லது. ஒரு சேனல்ல ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். பேசறதுக்கு முன்னாடி யாராச்சும் பேசறாங்களான்னு கேட்கணும். காலியா இருந்தாலும் உடனே பேசாம, சீட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சின்ன நேரம் காத்திருந்து பேசணும். ஹவாய் யோசனைதான், கொஞ்சம் நாகரிகம் சேர்த்தாச்சு.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பங்காளிகளுக்குள்ள பொதுக் கெணறு. முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சணும். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்திலேயே நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத்தானே தண்ணி விடறாங்க. ஆனா வைஃபையில் ஒரு விவகாரம் இருக்கு. பழைய முறைப்படி பங்கு நேரத்தில் இல்லை, ஆளுக்கு ஒரு பாத்தின்னு எண்ணிக்கையில். பெரிய மோட்டார் வெச்சிருக்கவன் பாத்தியை ஒரு நிமிஷத்தில் பாய்ச்சிட்டு ஒதுங்கிடுவான். ஓட்டை மோட்டார்க்காரன் அதே பாத்திக்குப் பத்து நிமிஷம் எடுத்துப்பான். அத்தனை நேரமும் பெரிய மோட்டார்க்காரன் வரப்புல உட்கார்ந்திருக்கணும். வீட்ல ஒரே ஒரு பழைய போன், சுவத்துக்கு அந்தப்பக்கம் சிக்னல் கெட்டுக் கிடந்தா, புது லேப்டாப்பும் சேர்ந்து நொண்டறது இதனாலதான். புதுத் தரநிலைகளில் இந்த நேரப் பங்கீட்டைத்தான் சரி பண்ணப் பார்க்கிறாங்க.

இன்னொரு வழி, வேற புறம்போக்குக்குப் போறது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாத உபயோகத்துக்கு அனுமதிச்சாங்க. பழையதைப் போல ஏழு மடங்குக்கு மேல. இடம் தாராளம், வேகம் அதிகம். ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவத்தைத் தாண்ட 2.4 அளவுக்குத் தாங்காது. கருங்கல் சுவர் வெச்ச பழைய வீட்ல ரெண்டு ரூம் தாண்டினா நம்ம கதை கந்தல்.

தலைகீழா மாறினது

2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தப்ப ஆரம்ப பிளானே 100 எம்பிபிஎஸ். அடுத்த வருஷம் மார்ச்ல ஊரடங்கு. பெங்களூர், சென்னையிலிருந்து எல்லாரும் ஊருக்கு வந்து உட்கார்ந்தப்ப, உள்ளூர் கேபிள்காரர் கூட ஃபைபர் இழுக்க ஆரம்பிச்சார்.

இப்ப ரெண்டு எண்ணைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2005-ல் 256 கேபிபிஎஸ், 2019-ல் 100 எம்பிபிஎஸ். லைன் கிட்டத்தட்ட 390 மடங்கு வளர்ந்துச்சு. ரவுட்டர்? 2003-ல் 54 எம்பிபிஎஸ், வீட்டுக்கு வாங்கற வைஃபை 6 பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ்ல 1200 எம்பிபிஎஸ். 22 மடங்கு. ஆமை முயல் கதையில் லைன்தான் ஆமை. தூங்கிட்டிருந்த முயலைத் தாண்டிப் போயிடுச்சு.

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிற என் மாமா போன வருஷம் கூப்பிட்டார். "ஏனுங் மாப்ளே, 200 எம்பி பிளானுக்குக் காசு கட்டறேன், பசங்க வீடியோ சுத்திக்கிட்டே நிக்குதுங்கறாங்க. பொட்டிய மாத்தச் சொல்றான் கடைக்காரன். மாத்துனா ஓடுமா, இல்ல காசு தண்டமா?"

"மாத்தறதுக்கு முன்னாடி ஒருக்கா பார்த்துடலாமுங்க மாமா"ன்னு போனேன். அங்க இருந்தது 802.11என் வகை, 2.4 மட்டும். அட்டைப்பெட்டியில் "300 எம்பிபிஎஸ்". போன்ல பார்த்தா 35. லேப்டாப்பை ஒயர்ல ரவுட்டரோட இணைச்சுப் பார்த்தா 94. லேப்டாப்பை நேரா ஃபைபர் பெட்டியில் சொருகினா 200. விஷயம் புரிஞ்சுதுங்களா? அந்த ரவுட்டரோட ஒயர் சொருகற போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. 300-ன்னு பெட்டி மேல எழுதியிருந்தாலும் உள்ளே வர்ற மடை 100-க்குத்தான் வெட்டியிருக்கு. இந்த மாதிரி மலிவு ரவுட்டர்கள் இன்னும் பல வீட்ல ஓடிட்டு இருக்கு.

கிகாபிட் போர்ட், ரெண்டு அலைவரிசை உள்ள பெட்டி போட்டோம். முன் ரூம்ல போன்ல 190. ஆனா பின்னாடி கட்டுத்தாரியில் மாட்டியிருக்கிற கேமராவுக்கு ஒரு மாத்தமும் இல்லை. அத்தனை தூரத்துக்குப் புது ரவுட்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு ஒரு ஒயர் இழுத்து, பழைய ரவுட்டரை அங்க கொண்டு போய் ஆக்சஸ் பாயிண்டா வெச்சோம். கேமராவுக்கு 2.4 தாராளம். மாமாவுக்குப் பழைய பெட்டியைத் தூக்கிப் போடாததில்தான் அதிக சந்தோஷம் :-)

ஆக, இன்றைய பதிலை இப்படிச் சொல்லலாம். முதல்ல ஒயர்ல சொருகிப் பாருங்க. ஒயர்லயும் பிளான் வேகம் வரலைன்னா, அதே ஒயரை ஃபைபர் பெட்டியில் நேரா சொருகுங்க. அங்கயும் வரலைன்னா தப்பு லைன்ல, ரவுட்டர் மாத்தி பிரயோஜனமில்லை. அங்க வந்து ரவுட்டர் வழியா வரலைன்னா போர்ட் கோளாறு, மாத்தலாம். ஒயர்ல வந்து பக்கத்துல நிக்கற போன்ல வரலைன்னா, போன் புதுசா இருக்கிற பட்சத்தில் மாத்தலாம். பக்கத்துல வந்து தூர ரூம்ல வரலைன்னா, வேகமான ரவுட்டர் வேண்டாம், இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் போதும்.

புறம்போக்கு யாருக்கு?

கடைசியா, ஆரம்பத்தில் சொன்ன லைசென்ஸ் விஷயம். வைஃபை 6இ, 2024-ல் சான்று கொடுக்க ஆரம்பிச்ச வைஃபை 7 ரெண்டுக்கும் முழு பலம் 6 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கு. அமெரிக்கா 2020-லேயே அந்தப் பக்கம் 1200 மெகாஹெர்ட்ஸை மொத்தமாத் திறந்து விட்டது. இங்க அது நீண்ட இழுபறி. மொபைல் கம்பெனிகள் அதை 5ஜி, 6ஜிக்கு ஏலம் விடணும்னாங்க. இண்டர்நெட், சாதனக் கம்பெனிகள் வைஃபைக்கு விடணும்னாங்க. 2025 மே மாசம் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வரைவு விதிகளில், 5925 முதல் 6425 வரைக்கும் 500 மெகாஹெர்ட்ஸை மட்டும் லைசென்ஸ் இல்லாம விடறதுன்னு வந்துச்சு. அதுக்கு மேல இருக்கிற பகுதி மொபைல் பக்கம் போகுது.

இதுல எந்தப் பக்கம் நியாயம்னு கேட்டா ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. ஏலம் விட்டா அரசாங்கத்துக்குப் பணம் வரும், டவர் சிக்னல் நல்லாகும். ஆனா ஒண்ணை யோசிங்க. யாருக்கும் வேண்டாத அந்த 83.5 மெகாஹெர்ட்ஸ் புறம்போக்கில்தான் பெரியப்பா வீட்டு மோடத்திலிருந்து கட்டுத்தாரி கேமரா வரைக்கும் அத்தனையும் வளர்ந்துச்சு. அதுக்கு யாரும் மாச வாடகை கேட்கலை. நம்ம ஊர்ல மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் எப்படி வேலி வேலியாப் போச்சுன்னு பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. பத்திரம் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு செண்டு கூடத் திரும்பி வந்ததில்லை.

அடுத்த தடவை கடைக்காரர் "இது வைஃபை 7 சார்"னு ஒரு பெட்டியை நீட்டினால், "இதுல 6 கிகாஹெர்ட்ஸ் இருக்குங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. 2.4-ம் 5-ம் மட்டும் உள்ள வைஃபை 7 பெட்டிகளும் கடையில் விக்குது. அவர் பதில் சொல்றதுக்குள்ள நீங்க திருப்பிப் பார்த்து, பின்னாடி போர்ட் கிகாபிட்டான்னும் பார்த்துடுங்க.